மலையில் இருந்தே சாட்சி சொல்ல ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. எந்தக் குற்றத்துக்கு எத்தனை வருடம், பழைய பிரிவு எண் புதிதில் என்னவாக ஆனது, பெயர் ஏன் இந்தியில் இருக்கிறது என்றெல்லாம் நிறையப் படித்துவிட்டேன். அடிபட்டவருக்கும் சாட்சிக்கும் இந்தச் சட்டங்களால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் நிதானமாக எழுதக் காணோம். நான் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலத்தில் நடக்கும் ஒரு செஷன்ஸ் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி. எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். வழக்கு இன்னும் முடியாததால் ஆள் பெயரோ, எஸ்டேட் பெயரோ, எந்தக் கோர்ட்டு, எந்தக் காவல் நிலையம் என்பதோ எழுதப் போவதில்லை. குற்றவாளி யார் என்று சொல்வதும் என் வேலை இல்லை. அதற்கு நீதிபதி இருக்கிறார்.

சம்பவம் நடந்தது 2023 பிப்ரவரியில். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருந்த மிளகைப் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்தோம். மிளகு விற்கிற விலைக்கு, காய்கிற நாட்களில் ராத்திரி காவல் போடாத எஸ்டேட் இங்கே கிடையாது. வந்தவர்கள் காவல்காரரைக் கவாத்துக் கத்தியால் வெட்டிவிட்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கையைத் தூக்கித் தடுத்ததால் அவர் தலை தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்து சத்தம் கேட்டு ஓடியவர்களில் முன்னால் போனவன் நான், டார்ச் வைத்திருந்தவனும் நான்தான். பிறகு ஆட்கள் பிடிபட்டார்கள். வெளியூர்க்காரர்கள் யாரும் இல்லை, எல்லோரும் இந்த மலைக்காரர்களே. ஜாமீனில் வந்து அவரவர் ஊரில் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

என் தம்பி மகள் சட்டம் படிக்கிறாள். புதிய சட்டப் புத்தகத்தை அவளிடம் வாங்கி ஆர்வமாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "பெரியப்பா, உங்கள் கேஸுக்குப் பழைய சட்டம்தான்" என்று சொல்லிவிட்டாள். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் (இனி நான் 'புதிய சட்டம்' என்று சொல்வது இதைத்தான்) 531-வது பிரிவின்படி, அது அமலுக்கு வந்த அன்று நிலுவையில் இருந்த வழக்குகள் 1973-ஆம் வருடத்து நடைமுறைச் சட்டப்படியே தொடருமாம். ஆக இப்போது ஒரே வராந்தாவில் பழைய சட்டத்துச் சாட்சியும் புதிய சட்டத்துச் சாட்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். கால் வலிப்பதில் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நல்ல மாற்றங்கள் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. சம்பவம் நடந்தபோது எனக்கு வயது 62. வாக்குமூலம் வாங்க என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், போனேன். காலையில் போய் உட்கார்ந்தவனைச் சாயங்காலம் விசாரித்தார்கள். பழைய சட்டத்தில் 65 வயதைத் தாண்டிய ஆண்களைத்தான் வீட்டுக்கே வந்து விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. புதியதில் 179-வது பிரிவு அதை 60 ஆக்கியிருக்கிறது. பெண்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் முன்பே அந்தச் சலுகை உண்டு, இப்போது கடும் நோயாளிகளையும் சேர்த்திருக்கிறார்கள். இன்று அந்தச் சம்பவம் நடந்தால் ஏட்டு என் வீட்டுக்கு வர வேண்டும். வருவாரா என்பது வேறு விஷயம். வர வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு பிரிவு எண்ணாவது இருக்கிறது.

அன்றைக்கு நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டார். அரைப் பக்கம் இருக்கும். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டாம் என்பது சட்டம். மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் கையெழுத்து இல்லாததால் என்ன எழுதினார்கள் என்று எனக்கு யாரும் படித்தும் காட்டவில்லை. நான் சொன்ன டார்ச் அந்த அரைப் பக்கத்தில் இல்லை என்பது எனக்குத் தெரிந்ததே கூண்டில் ஏறிய பிறகுதான்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்ததாகப் போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லைதானே? சொன்னேன் ஐயா என்றேன். அன்று பனிமூட்டம், பத்தடி தூரத்தில் ஆள் தெரிந்திருக்காதுதானே? தெரிந்தது ஐயா. எஸ்டேட் முதலாளி சொல்லிக்கொடுத்துத்தான் சாட்சி சொல்கிறீர்கள்? இல்லை ஐயா. ஒவ்வொன்றும் டைப்பிங்கில் இப்படித்தான் ஏறியது: "டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததாகப் போலீஸ் விசாரணையில் நான் கூறவில்லை என்றால் சரியல்ல. பனிமூட்டம் காரணமாக ஆட்களை அடையாளம் கண்டிருக்க முடியாது என்றால் சரியல்ல. எஸ்டேட் உரிமையாளரின் தூண்டுதலின் பேரில் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த நடை பழக்கம். பின்னால் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, டார்ச் பற்றி இந்தச் சாட்சி உங்களிடம் சொன்னாரா என்று அவரிடம் கேட்பார்கள். அவர் தன் காகிதத்தைப் பார்த்து இல்லை என்பார். அவர் எழுதாமல் விட்டதற்கு நான் பொய்யன் ஆவேன்.

போலீஸ் வாங்கும் வாக்குமூலத்தை வீடியோவிலும் பதிவு செய்யலாம் என்று பழைய சட்டத்திலேயே 2008 திருத்தத்துக்குப் பிறகு இருந்தது. புதிய சட்டத்தின் 180-வது பிரிவிலும் "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது. சோதனைக்கும் பொருள் கைப்பற்றுவதற்கும் 105-வது பிரிவு வீடியோவைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. கத்தியை எடுத்ததை வீடியோ எடுக்கிற அதே செல்போனில் சாட்சி சொல்வதையும் எடுத்தால் என்ன? கொடுங்குற்றங்களிலாவது அந்தச் "செய்யலாம்" போய் "செய்ய வேண்டும்" வர வேண்டும்.

இன்னொன்று. மஸ்டர் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எழுதிப் பழகிய கை என்பதால், அன்று விடிந்ததும் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது, யார் யார் வந்தார்கள், காவல்காரரை எந்த ஜீப்பில் ஏற்றினோம், கட்டுப்போட எந்தத் துண்டைக் கிழித்தோம் என்பது வரை அதில் உண்டு. சம்பவம் நடந்த உடனே தன் கையால் எழுதிய குறிப்பைச் சாட்சி கூண்டில் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்பது 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தில் 159-வது பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் 162-வது பிரிவு. எதிர்த்தரப்பு அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அதுவும் நியாயம்தான். நோட்டு என் பையிலேயே இருந்தது. அப்படி ஒரு வழி இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சம்மனின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது? சாட்சிக்கு என்னென்ன உண்டு என்று தமிழில் பத்து வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

அப்புறம் வாய்தா. மலையில் இருந்து சேலம் கோர்ட்டுக்குப் பத்தரைக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் விடியும் முன்பே எழுந்து, எங்கள் ஊரில் இருந்து ஏற்காடு வந்து, அங்கே வண்டி மாறி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வர வேண்டும். வந்தால் வராந்தா. டவாலி பெயர் கூப்பிடும் வரை நிற்க வேண்டும். நாற்காலிகள் உண்டு, வக்கீல்கள் உட்கார. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வாய்தா தேதி சொல்வார்கள். காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்று: எதிரிகளில் (குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவர் வரவில்லை, சீனியர் வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வக்கீல்கள் புறக்கணிப்பு, நீதிபதி மாறுதல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது ஊருக்கே தெரியும். அந்த வாரத்தில் எனக்கு ஒரு தேதி இருந்தது. போன் செய்து சொன்னேன். பிறகு போனபோது, "நல்ல வேளை, வாரண்ட் போடவில்லை" என்று கோர்ட்டு டூட்டி காவலர் எனக்கு ஆறுதல் சொன்னார். எதிரிக்கு வாய்தா உண்டு, வக்கீலுக்கு உண்டு, சாட்சிக்கு வாரண்டுதான்.

இது சேலத்துக் கதை மட்டும் இல்லை. 2000-ஆம் வருடம் சுவரண் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் நீதிபதி வாத்வா இதையேதான் வேதனையோடு எழுதினார். சாட்சிக்குக் கோர்ட்டில் மரியாதை இல்லை, நெரிசலில் பியூனால் வெளியே தள்ளப்படுகிறான், நாள் முழுக்கக் காத்திருந்து வாய்தாவோடு திரும்புகிறான் என்ற பொருளில். சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் தள்ளி வைக்கக் கூடாது, தள்ளினால் தனிக் காரணத்தை எழுத வேண்டும் என்று பழைய 309-வது பிரிவு சொன்னது. புதிய 346-வது பிரிவு அதோடு, ஒரு தரப்பின் கைமீறிய சூழ்நிலையிலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது என்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அரசு செலவில் சாட்சிக்கு பேட்டா தர வேண்டும் என்பதும் சட்டத்தில் எப்போதோ இருக்கிறது. பழையதில் 312, புதியதில் 350. எங்கள் ஸ்டோர் பையனும் ஒரு சாட்சி. கார்த்திகையில் காபிப் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறான். பேட்டாவை எங்கே, யாரிடம், எந்தத் தாளில் எழுதிக் கேட்பது என்று விசாரித்தான். "அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி" என்று ஒருவர் சிரித்தார். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

இதெல்லாம் அலைச்சல். தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாத ஒன்று அந்த பஸ்.

எங்கள் பக்கத்தில் இருந்து காலையில் கோர்ட்டு நேரத்துக்கு இறங்க ஒரே ஒரு பஸ்தான். அதில் நான் ஏறுகிறேன், காவல்காரர் ஏறுகிறார், அடுத்த நிறுத்தத்தில் எதிரிகள் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் அதே கோர்ட்டு, அதே பத்தரை மணி. ஒரு தடவை காவல்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எதிரிகளில் இளையவன் வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். வேறு இடம் இல்லாமல் உட்கார்ந்தானோ, வேண்டுமென்றே உட்கார்ந்தானோ, எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, "என்ன ரைட்டரய்யா, சௌக்கியமா? பேத்தி சேலத்துலதான படிக்குது?" என்றான். அவ்வளவுதான். குரல் உயரவில்லை, கையில் எதுவும் இல்லை. காவல்காரர் விரல் மடங்காத கையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். வளைவுக்கு வளைவு பஸ் ஆடும்போதெல்லாம் இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டே இறங்கினோம்.

இதை நான் எங்கே புகார் செய்வது? 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும் வரை அதுவே நாடு முழுவதும் சட்டம் என்று சொன்னது. நல்ல திட்டம். மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, மாவட்டப் போலீஸ் தலைவரும் அரசு வழக்குத் துறைத் தலைவரும் உறுப்பினர்கள். சாட்சி மனு கொடுத்தால் போலீஸ் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த ஐந்து வேலை நாட்களுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். அச்சுறுத்தலை உயிருக்கு ஆபத்து, உடைமைக்கும் பெயருக்கும் ஆபத்து, தொந்தரவு என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சாட்சியும் எதிரியும் நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்வதும், வாய்தா அன்று அரசு செலவில் வண்டி தருவதும் அதில் உள்ள பாதுகாப்புகளில் சில. இப்போது புதிய சட்டத்தின் 398-வது பிரிவு ஒவ்வொரு மாநில அரசும் இப்படி ஒரு திட்டம் தயாரித்து அறிவிக்க வேண்டும் என்கிறது.

சரி, நான் மனுவில் என்ன எழுதுவேன்? சௌக்கியமா என்று கேட்டான் என்றா? அது எந்த வகையில் சேரும்? டி.எஸ்.பி. அறிக்கையில் "மிரட்டல் ஏதும் இல்லை" என்றுதான் வரும், அவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய ரவுடி, கட்டப்பஞ்சாயத்து, லாரி ஏற்றிக் கொல்வது என்ற அளவில் யோசித்து வகுத்த திட்டம் அது. மலை ஊரில் சாட்சியைக் கரைப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே பஸ், ஒரே ரேஷன் கடை, ஒரே மாரியம்மன் பண்டிகை, பொண்ணு கொடுத்த வழியில் ஒரு சொந்தம். இரண்டு வருடம் இவை போதும்.

எங்கள் வழக்கின் டீக்கடைக்காரர் அப்படித்தான் கரைந்தார். மூட்டையோடு ஆட்கள் ஓடியதைப் பார்த்ததாக முதல் நாளே ஊரெல்லாம் சொன்னவர், கூண்டில் ஏறி, "எனக்கு எதுவும் தெரியாது. போலீசார் என்னை விசாரிக்கவில்லை" என்றார். பிறழ்சாட்சி என்று அறிவித்து அரசு வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். கடை பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது. எதிரிகளின் வீட்டார் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் ஓய்வூதியக்காரன், பிள்ளைகள் கீழே சேலத்தில் இருக்கிறார்கள். அவருக்குக் கடையை விட்டால் வேறு வழி இல்லை.

இப்படிப்பட்டவர்களைப் பிடித்து வைக்கப் புதிய சட்டத்தில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில், போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 183-வது பிரிவு சொல்கிறது. சத்தியம் செய்து மாஜிஸ்திரேட்டிடம் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் பொய்ச்சாட்சி வழக்கு வரும். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சாட்சியைக் கட்டும் கயிறு 2024 ஜூலை 1-ஆம் தேதியே கைக்கு வந்துவிடுகிறது. சாட்சிக்கு வேண்டிய வண்டியும் அறையும் மட்டும் திட்டம், அறிவிக்கை, நிதி என்று வரிசையில் நிற்கின்றன. டீக்கடைக்காரரைக் காலையில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் அதே பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டால், அவருக்கு இரண்டு பக்கமும் பயம்தானே மிச்சம்?

சேலத்துக்காரர்களுக்கு கோகுல்ராஜ் வழக்கு மறந்திருக்காது. ஓமலூர் பையன், 2015-இல் கொல்லப்பட்டார். முக்கியமான சாட்சி ஒருவர் பிறழ்ந்தார், உயர் நீதிமன்றமே தலையிட்டு அந்தச் சாட்சி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது. பையனின் தாய் விடாமல் போராடி வழக்கை நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை, 2023-இல் உயர் நீதிமன்றம் எட்டுப் பேருக்கு அதை உறுதி செய்து, இரண்டு பேருக்கு ஐந்து வருடமாகக் குறைத்தது. அங்கே திருச்செங்கோட்டுக் கோயிலின் சிசிடிவி பேசியது. எங்கள் மிளகுக் களத்தில் கேமரா கிடையாது, ஆட்கள்தான் பேச வேண்டும். எல்லா ஊரிலும் அப்படி ஒரு தாய் கிடைப்பார் என்று எதிர்பார்த்துச் சட்டம் நடக்கக் கூடாது.

அரசு வக்கீல் சாட்சியைக் கேட்கும் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் விடும் இடைவெளி இன்னொரு தொல்லை. எனக்கு முதல் விசாரணை ஆடி மாதம் நடந்தது, குறுக்கு விசாரணை கார்த்திகையில். நடுவில் உள்ள மாதங்களில்தான் சௌக்கிய விசாரிப்புகள் அதிகம். 2015-இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், முதல் விசாரணை முடிந்து ஒன்றரை வருடத்துக்கும் மேல் கழித்துக் குறுக்கு விசாரணை செய்தபோது சாட்சி அப்படியே மாறிவிட்டதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. முடிந்தவரை அதே நாளில் முடிக்க வேண்டும் என்றது. நடைமுறையில் இன்றும் "சாட்சியைத் திரும்ப அழைக்க மனு" என்று ஒரு தாள் வந்தால் போதும். காவல்காரரைத் திரும்ப அழைக்கவும் இப்போது அந்தத் தாள் வந்திருக்கிறது.

காவல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் அவர்தான், வழக்கில் அவருக்கு இருப்பதும் சாட்சி எண் ஒன்று என்ற இடம்தான். மலையாளி பழங்குடியினத்தவர். ஜாமீன் கொடுத்தது அவருக்குத் தெரியாது, எதிரியைச் சந்தையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். 2009 கடைசியில்தான் "பாதிக்கப்பட்டவர்" என்பவருக்கே பழைய சட்டத்தில் விளக்கம் வந்தது, விடுதலையை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்யும் உரிமையும் அப்போது வந்தது. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம், ஜாமீன் கட்டத்திலும் சொல்லலாம் என்றது. புதிய சட்டம் இன்னும் கொஞ்சம் தருகிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸ் சொல்ல வேண்டும். அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால் அவரைக் கேட்காமல் கோர்ட்டு அனுமதிக்கக் கூடாது. குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் எதிரிக்கு மட்டும் இல்லாமல் பாதிக்கப்பட்டவருக்கும் தர வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் ஒரு கொக்கி இருக்கிறது. 230-வது பிரிவை நன்றாகப் படித்தால், அவருக்கு வக்கீல் இருந்தால் மட்டுமே அந்த நகல் கிடைக்கும். வக்கீல் வைக்கிற வசதி இருப்பவர்தான் எப்படியும் நகல் வாங்கிவிடுவாரே! இன்னொரு பக்கம், 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணி ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இரண்டு சட்டத்தையும் சேர்த்து முடிச்சுப் போட ஆள் இல்லை. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலைக் கொடுக்கும்போதே, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல் போய், அங்கிருந்து ஒரு வக்கீல் தானாக வந்தால் முடிந்தது விஷயம். இழப்பீட்டு மனுவையும் அவரே போடலாம். காவல்காரருக்கு இழப்பீடு என்று ஒன்று உண்டு என்பது இரண்டு வருடம் கழித்து என் தம்பி மகள் சொல்லித்தான் தெரியும். மனு போட்டிருக்கிறோம். 15100 என்ற இலவச எண்ணை அதற்கு முன்னால் மலையில் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

இனி நான் கேட்க வந்த விஷயம். புதிய சட்டத்தின் 254-வது பிரிவு, செஷன்ஸ் விசாரணையில் சாட்சியத்தை வீடியோ வழியாகப் பதிவு செய்யலாம் என்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் வாரண்ட் வழக்குகளுக்கான 265-வது பிரிவு, மாநில அரசு அறிவிக்கும் இடத்தில் வைத்து அப்படிச் செய்யலாம் என்கிறது. வீடியோ சாட்சியம் செல்லும் என்று 2003-இல் பிரபுல் தேசாய் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். அரசு ஊழியர்கள் வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று 254-இல் தனியாக ஒரு வரியே இருக்கிறது. டாக்டரும் இன்ஸ்பெக்டரும் தங்கள் அலுவலகத்தில் இருந்து சாட்சி சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பறிப்புக்காரப் பெண் மட்டும் 20 வளைவு இறங்கி வராந்தாவில் நிற்க வேண்டும் என்பதில்தான் ஆட்சேபம். ஏற்காட்டில் தாலுகா அலுவலகம் இருக்கிறது, ஊராட்சி ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. எதிலாவது ஓர் அறை, ஒரு கேமரா, ஒழுங்கான இணையம், கோர்ட்டு அனுப்பும் ஒரு பணியாளர். இதே ஏற்பாடு கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்களுக்கும் வேண்டியதுதான். நான் எனக்குத் தெரிந்த மலையைப் பற்றி எழுதுகிறேன்.

மறுப்புகள் எனக்கும் தெரியும். என் தம்பி மகளே சண்டைக்கு வந்தாள். சாட்சியின் முகத்தை நீதிபதி நேரில் பார்க்க வேண்டும், எதிரிக்கும் தன்னைக் குற்றம் சொல்பவரைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால் என்ன செய்வது என்றாள். நியாயமான கேள்விகள். சொல்லிக்கொடுப்பதைத் தடுக்கத்தான் கோர்ட்டுப் பணியாளர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், எதிரியின் வக்கீல் விரும்பினால் அங்கே தன் ஜூனியரை உட்கார வைக்கலாம். குறுக்கு விசாரணையை ஒரு கேள்வி கூடக் குறைக்கச் சொல்லவில்லை. மழை நாளில் மலையில் கரண்டும் நெட்வொர்க்கும் போகும், உண்மை. அன்றைக்கு வாய்தா போடட்டும், வராந்தாவில் நின்று வாங்குகிற வாய்தாவைவிட அது மேல். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எதிரிகளில் ஒருவன் நிரபராதியாக இருந்தால் அவனுக்கும் இந்த இழுவை தண்டனைதான். சாட்சி சீக்கிரம் வந்து சொல்லிவிட்டுப் போனால் அவனுக்கும் நல்லது.

அறை வரும் வரை சேலம் கோர்ட்டிலாவது ஓர் ஏற்பாடு செய்யலாம். குழந்தைகள் சாட்சி சொல்லத் தனி அறைகள் அமைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2022 ஜனவரியில் அந்த அறைகளை அச்சுறுத்தல் உள்ள சாட்சிகளுக்கும், எளிதில் பாதிக்கப்படக் கூடியவர் என்று கோர்ட்டு கருதும் எந்தச் சாட்சிக்கும் திறந்துவிட்டது. விரல் மடங்காத காவல்காரர் மறுபடி கூண்டில் ஏற வேண்டி வந்தால் அந்த அறை வேண்டும் என்று கேட்கப் போகிறோம். அரசு வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.

ஏற்காட்டில் வீடியோ சாட்சிய அறை கேட்டு மனு எழுத நான் தயார். மலையில் கையெழுத்துப் போட எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் இருக்கிறார்கள். மனுவை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புவதா, உள்துறைச் செயலாளருக்கா, உயர் நீதிமன்றப் பதிவாளருக்கா என்பதை உங்கள் வாசகர்களில் விஷயம் தெரிந்த வக்கீல் யாராவது இதே பகுதியில் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)